குளிர்காலச் சாணி வண்டுப் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரம். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மாடு வைத்திருக்கிறீர்கள், மழையும் குளிருமான மாதங்களில் போட்ட சாணி போட்ட இடத்திலேயே கிடக்கிறது, சாணியை மண்ணுக்குள் புதைக்கும் பூபாஸ் பைசன் என்ற வண்டு இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை என்றால், அந்த வண்டுகளை உயிரோடு அடைத்து விற்கும் இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். காசுக்கு மோசமில்லை. ஆனால் பெட்டியோடு வரும் தாளில் இல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன, அவை தெரியாமல் வாங்கினால் பாதி வண்டு வீணாகப் போகும். அதைவிட முக்கியமாக, இந்தப் பெட்டியால் எதைத் திருப்பிக் கொண்டுவர முடியும், எதை முடியாது என்பதை விற்பவர்கள் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் நிலம் விக்டோரியாவின் சவுத் கிப்ஸ்லேண்டில், ஸ்ட்ரெஸ்லெக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. சின்னப் பண்ணை, கொஞ்சம் ஆங்கஸ் மாடுகள், கனத்த களிமண், நல்ல மழை. நிலத்தின் மேல் ஓரத்தில் வெட்டாமல் விட்ட யூகலிப்டஸ் காடு ஒரு துண்டு இருக்கிறது, அதில் வாலபியும் (கங்காருவின் சின்ன வகை) வாம்பட்டும் உண்டு. ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம், அந்தப் பக்கம் காடு. சாணி வண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

காசு கொடுத்து வண்டு வாங்கினேன் என்று கோபிச்செட்டிப்பாளையத்தில் இருக்கும் மாமாவிடம் சொன்னதும், "ஏன் மாப்ள, அதையுமா வெல குடுத்து வாங்கற?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் சாணி கீழே விழுந்தால் ஒன்று யாராவது உரத்துக்கோ வரட்டிக்கோ எடுத்துப் போவார்கள், இல்லையென்றால் வண்டும் கறையானும் பார்த்துக்கொள்ளும். மாடு, எருமை, காட்டெருமை, யானை என்று பெரிய விலங்குகளோடு காலங்காலமாக வாழ்ந்த வண்டுகள் அங்கே இருக்கின்றன. ஹீலியோகாப்ரிஸ் என்ற பெரிய வண்டு யானை லத்தியைப் பெரிதும் நம்பிப் பிழைப்பது. ஆஸ்திரேலியாவின் கதை வேறு. 1788-இல் முதல் கப்பல் கூட்டம் வரும்வரை இந்த மண்ணில் மாடே கிடையாது. இங்கே ஐந்நூறு வகைக்கு நெருக்கமாகச் சொந்தச் சாணி வண்டுகள் உண்டு, ஆனால் அவை பழகியது கங்காருவும் வாலபியும் போடும் சின்ன, வறண்ட, நார் நிறைந்த புழுக்கைக்கு. அதுவும் பெரும்பாலும் மர நிழலில். மரத்தை வெட்டி, வெயில் அடிக்கும் புல்வெளியாக்கி, அதில் கொழகொழவென்று மாட்டுச்சாணியை விழவிட்டால், அந்த வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. நிழலும் போய்விட்டது, சாப்பாடும் மாறிவிட்டது.

விளைவு என்ன? ஒரு மாடு நாளைக்கு 10, 12 தடவை சாணி போடும். அதை யாரும் தொடாவிட்டால் மேலே ஓடு கட்டி மாதக்கணக்கில் கிடக்கும். அதன் கீழே இருக்கும் புல் செத்துப்போகும், சுற்றி முளைக்கும் புல்லை மாடு வாயில் வைக்காது. புஷ் ஈ அதில்தான் பெருகுகிறது, வடக்கே எருமை ஈயும் அப்படித்தான். எங்கள் பக்கம் குளிர்கால மழை அடித்தால் சாணிச் சத்து முழுவதும் ஓடையில் போய்ச் சேரும். நாம் உரக்கடையில் காசு கொடுத்து வாங்குகிற அதே சத்துதான்.

இதைக் கவனித்துக் கேள்வி கேட்டவர் ஜார்ஜ் போர்னமிசா என்ற ஹங்கேரியப் பூச்சியியலாளர். 1950-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர், மேற்கு ஆஸ்திரேலியாவில் வூரூலூ பக்கம் மேய்ச்சல் நிலங்களில் காய்ந்த சாணி பரவிக் கிடப்பதைப் பார்த்து, எங்கள் ஊரில் இப்படி இல்லையே என்று யோசித்தார். அந்த யோசனைதான் பிறகு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் பெரிய திட்டமாக மாறியது. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து, மாட்டுச்சாணிக்கும் வெட்டவெளிக்கும் பழகிய வண்டுகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அதற்கென்றே ஒரு நிலையம் நடத்தினார்கள். கோமாரி மாதிரி நோய் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று வண்டை அப்படியே கொண்டுவராமல், முட்டையை மேற்புறம் கிருமிநீக்கம் செய்து அனுப்பி, இங்கே கையால் பிடித்த சாணி உருண்டைக்குள் வைத்துப் பொரிக்கவைத்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. 1968 முதல் 1984 வரை 43 வகைகளை வெளியே விட்டார்கள், 23 வகைகள் நிலைத்தன. இன்று பெட்டியில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அந்த 23-இல் சிலவற்றின் வாரிசுகள்.

சரி, பெட்டிக்கு வருவோம். நான் வாங்கியது பூபாஸ் பைசன். தென் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், கறுப்பு, ஆணுக்குத் தலையில் இரண்டு கொம்பு. இதன் பெரிய பலம் குளிர்காலத்தில் வேலை செய்வது. இங்கே கோடையில் வேலை செய்ய ஓந்தோஃபேகஸ் டாரஸ், ஓந்தோஃபேகஸ் பைனோடிஸ் என்று இரண்டு மூன்று வகைகள் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டன, அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. (டாரஸ் பற்றி ஒன்று: தன் எடையைப் போல 1,141 மடங்கை இழுக்கும் என்று 2010-இல் அளந்து சொன்னார்கள். நகத்தளவு இருக்கும் பூச்சி.) மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது இங்கே குளிர்காலத்தில்தான், எங்கள் பக்கம் சாணியைத் தொட ஆளில்லை. அந்த இடைவெளிக்குத்தான் பைசன்.

விலை சில நூறு டாலர், கூரியர் தனி. சின்ன நிலக்காரருக்கு இது யோசிக்க வேண்டிய தொகைதான். விற்பவர் தன் சொந்த நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் பொறி வைத்துப் பிடித்து அனுப்புகிறார். முன்பதிவு செய்தேன், சீசன் வந்ததும் தொலைபேசியில் சொல்லிவிட்டு அனுப்பினார். காற்றோட்டத் துளை போட்ட பெட்டி, உள்ளே ஈரமான பீட் மண், அதற்குள் வண்டுகள். மூடியைத் திறந்தபோது துர்நாற்றம் இல்லை, மண் நொதநொதவென்றும் இல்லை, செத்தவை மிகக் கொஞ்சம். பேக்கிங் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கையை விட்டால் விரலிடுக்கில் முட்டிக்கொண்டு போகிற பலத்தில் வண்டு நல்ல உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கூடவே ஒரு தாள் வருகிறது. புதுச் சாணியில் விடுங்கள், சாயங்காலம் விடுங்கள், குடற்புழு மருந்து போட்ட மாட்டின் சாணி வேண்டாம், ஒரே இடத்தில் விடுங்கள். இவ்வளவுதான். தவறில்லை, எல்லாம் சரியான அறிவுரை. ஆனால் ஆர்டர் எடுக்கும்போது அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் நிலத்தில் இப்போது என்ன வண்டு இருக்கிறது? அதைக் கேட்கவே இல்லை. பைசன் ஏற்கெனவே இருக்கும் நிலத்துக்கு இன்னொரு பெட்டி பைசன் விற்பது வாங்குபவருக்கு எந்த லாபமும் இல்லாத வியாபாரம். கேட்கிற எல்லோருக்கும் ஒரே பெட்டியை அனுப்புகிறார்கள் என்பதுதான் இந்தச் சேவையில் எனக்குப் பெரிய குறை.

மருந்து விஷயத்தைத் தாளில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அது போதவே போதாது. ஐவர்மெக்டின் வகை மருந்தை மாட்டின் முதுகில் ஊற்றினால் அது சாணி வழியாக வாரக்கணக்கில் வெளியே வருகிறது. அந்தச் சாணியும் வண்டுகளை ஈர்க்கும், வளர்ந்த வண்டு அதில் பெரும்பாலும் பிழைத்தும் கொள்ளும், ஆனால் அதில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு செத்துவிடும். வெளியே பார்த்தால் வண்டு ஓடியாடி வேலை செய்வது தெரியும், அடுத்த வருடம் ஒன்றும் இருக்காது. பெட்டி விட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ. மாக்சிடெக்டின் என்ற இன்னொரு குடற்புழு மருந்து இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், வாய்வழி கொடுக்கும் 'வெள்ளை' மருந்துகளாலும் (பென்சிமிடசோல் வகை) வண்டுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஈக்கு அடிக்கும் செயற்கைப் பைரெத்ராய்டு மருந்துகளும் வண்டைக் கொல்லும், அதையும் தாளில் காணோம். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, சாணியில் குடற்புழு முட்டை எண்ணிக்கை பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது நல்லது. ஐவர்மெக்டின்தான் வேண்டும் என்றால் அந்த மாடுகளைத் தனி வேலிக்குள் வைத்துவிடுங்கள்.

விட்டது எப்படி என்றால், காலையிலிருந்து மாடுகளை ஒரே சிறு வேலிக்குள் நிறுத்தி, சாயங்காலம் ஈரம் காயாத சாணிகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி வண்டை மண்ணோடு வைத்தேன். இருட்டுவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மறுநாள் காலையில் சாணியின் ஓரத்திலெல்லாம் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. எங்கள் மேல்மண் கறுப்பு. சிவப்பு மண் அடியில்தான் இருக்கிறது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அந்த மண்ணின் நிறமே சொல்லிவிட்டது.

கொஞ்ச வாரம் கழித்து மண்வெட்டியால் ஒரு சாணியின் ஓரமாக வெட்டிப் பார்த்தேன். விரல் நுழையும் அகலத்துக்கு வளைகள் இறங்கிப் போயின. ஒரு சாண் தாண்டியதும், பிடி கொழுக்கட்டையை நீட்டிப் பிடித்துவைத்தது மாதிரி சாணி அடைத்த ஒரு துண்டு, அதைப் பிரித்தால் உள்ளே சின்ன அறை, அதில் வெள்ளையாக ஒரு முட்டை. இன்னும் கீழே அதே மாதிரி இன்னொன்று. மேலே கிடந்த சாணியில் தக்கையாக நார் மட்டும் மிச்சம். மழைநீர் அந்த வளை வழியாகக் களிமண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபோதுதான் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை.

முதல் வருடத்துக்குப் பிறகு பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். பைசன் வருடத்துக்கு ஒரு தலைமுறைதான், சில புழுக்கள் வளர அதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்ளும். அடுத்த குளிர்காலத்தில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் சிவப்பு மண் தெரிந்தது, விட்ட இடத்தைத் தாண்டி இரண்டு வயல் தள்ளிக்கூட. அதற்கடுத்து பெருகியது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ஜூன் மாதத்தில் நிலத்தைச் சுற்றி வந்தால் வண்டு தொடாத சாணியைத் தேட வேண்டியிருக்கிறது. வண்டுக்கு வேலி தெரியாது, பக்கத்து நிலத்துக்கும் பறந்து போகும். அதனால் அக்கம்பக்கத்தவரோடு சேர்ந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சில ஊர்களில் லேண்ட்கேர் என்ற நிலப் பராமரிப்புத் தன்னார்வக் குழுக்கள் இப்படிக் கூட்டாக வாங்கி விடுகின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள்.

இதுவரை சொன்னது மேய்ச்சல் நிலத்துக் கதை. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க, வசந்தத்தின் கடைசியில் பொறி வைத்தேன். ஐஸ்கிரீம் டப்பாவை வாய் மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து, மேலே கம்பியில் மெல்லிய துணிப் பொட்டலம் தொங்கவிடுவது, அவ்வளவுதான். சிலவற்றில் மாட்டுச்சாணி, சிலவற்றில் வாலபிப் புழுக்கை. இரண்டையும் காட்டிலும் வைத்தேன், புல்வெளியிலும் வைத்தேன். விடிந்ததும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே விட்டுவிடுவேன்.

புல்வெளி டப்பாவில் வண்டு குவிந்து கிடக்கும், ஆனால் அத்தனையும் டாரஸும் பைனோடிஸும்தான், நடுவில் எப்போதாவது ஓந்தோஃபேகஸ் ஆஸ்ட்ராலிஸ். அது இந்த மண்ணின் சொந்த வண்டு, மாட்டுச்சாணியையும் வெட்டவெளியையும் ஏற்றுக்கொண்ட மிகச் சில சொந்த வகைகளில் ஒன்று. பத்து மீட்டர் தள்ளிக் காட்டுக்குள் வைத்த டப்பாவில் எண்ணிக்கை கொஞ்சம், ஆனால் முகம் வேறு வேறு. ஒன்று பளபளக்கும் கறுப்பு, ஒன்று மங்கல் பழுப்பு, ஒன்று எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. மாட்டுச்சாணி டப்பாவைவிடப் புழுக்கை டப்பாவில்தான் அவை அதிகம். புல்வெளியில் கூட்டம் போட்ட டாரஸ் மரநிழலுக்குள் வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கம்பிவேலி இரண்டு உலகத்தைப் பிரிக்கிறது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பிரிப்பது வேலி இல்லை, நிழல். காட்டுக்குள் தரையில் சருகு, ஈரம், இறுக்கமில்லாத மண். வெளியே மாடு மிதித்து இறுகிய மண், மதியம் கொதிக்கும் தரை.

இது என் நிலத்து விசேஷம் இல்லை. உலகம் முழுக்க வெப்பமண்டலக் காடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த ஒரு கட்டுரையும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. காட்டை அளவோடு மரம் எடுத்து விட்டுவைத்தாலோ, நிழல் மரங்களுக்குக் கீழே பயிர் செய்தாலோ வண்டுக் கூட்டத்தில் பெரும்பகுதி தப்பிக்கிறது. மொத்தமாகப் புல்வெளியாக்கினால் வகைகள் சரிந்து, சின்ன உடம்புக்காரர்களான ஒன்றிரண்டு வகைகள் மட்டும் பெருங்கூட்டமாக மிஞ்சுகின்றன. வெனிசுவேலாவில் குரி அணைக்கட்டு நீர் சூழ்ந்து தீவான காட்டுத் துண்டுகளில் பார்த்தபோது, முதலில் அழிந்தவை பெரிய வண்டுகள். சாணியை அதிகம் புதைப்பவையும் அவைதான். அப்படியென்றால் எண்ணிக்கை குறைகிற வேகத்தைவிட வேலை குறைகிற வேகம் அதிகம். பொறியில் நிறைய வண்டு விழுகிறது என்பதை வைத்து நிலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. எத்தனை வகை, எவ்வளவு பெரிது, எந்த மாதத்தில் என்று பார்க்க வேண்டும்.

விற்பனை விளம்பரங்களில் "உங்கள் நிலத்தின் இயற்கையை மீட்டெடுங்கள்" என்று வரும். அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இந்தப் பெட்டி இயற்கையை மீட்பதில்லை. மனிதன் மாற்றிவிட்ட நிலத்தில், மனிதன் கொண்டுவந்த மாட்டின் சாணியை, மனிதன் கொண்டுவந்த வண்டு புதைக்கிறது. அது ரொம்ப நல்ல காரியம், ஓடைக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் நல்லது, நான் மறுபடியும் செய்வேன். ஆனால் காட்டுக்குள் இருக்கும் கூட்டம் முற்றிலும் வேறு. வாலபியின் ரோமத்தைப் பற்றிக்கொள்ள வளைந்த நகம் உள்ள வண்டுகள் இந்த நாட்டில் உண்டு, ஆசனவாய் பக்கத்திலேயே தொற்றிக்கொண்டு பயணம் செய்து புழுக்கை விழும்போது கூடவே விழுபவை. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் செஃபலோடெஸ்மியஸ் என்று ஒன்று, ஆணும் பெண்ணும் சேர்ந்து சருகைப் பொறுக்கி, நொறுக்கி, புளிக்கவைத்து, தாங்களே ஒரு செயற்கைச் சாணி செய்து அதில் குஞ்சு வளர்க்கும். இவற்றை எந்தக் கடையிலும் பெட்டியில் போட்டு விற்க முடியாது. அந்தக் காடும் அந்த விலங்கும் இருந்தால் இருக்கும், போனால் போய்விடும்.

அதனால் பெட்டிக்குச் செலவு செய்கிறவர்கள் அதே வருடம் காட்டு ஓரத்து வேலிக்கும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். மாடு உள்ளே போய் மிதிக்காமல் இருந்தாலே தரை இளகி, சருகு சேர்ந்து, வண்டுக்கு வாழ வகையாகிறது. விழுந்த கட்டையைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டாம். என் வேலியின் கீழ்க் கம்பியைக் கொஞ்சம் உயரத்தில் கட்டியிருக்கிறேன், வாலபி நுழைந்து போகும், மாடு நுழையாது. மேய்ச்சல் நிலத்துக்கு நடுவிலும் காட்டிலிருந்து இறங்கும் ஓடையோரமாக உள்ளூர் மரங்களை வரிசையாக நட்டுவருகிறேன். அவை வளர்ந்து நிழல் கட்டிய பிறகு காட்டு வண்டு எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்று பொறி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இனி மதிப்பெண். வண்டின் தரத்துக்கும் பேக்கிங்குக்கும் 5-க்கு 5. விலைக்கு 3, கூட்டாக வாங்கினால் 4. கூட வரும் தாளுக்கு 2, மருந்துப் பெயர்களை எழுதி, பெட்டி அனுப்புமுன் நிலத்தில் என்ன வண்டு இருக்கிறது என்று படம் கேட்டு வாங்கினால் உடனே 5 ஆக்கிவிடலாம். மொத்தத்தில் 4.

வாங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மே, ஜூன், ஜூலையில் உங்கள் நிலத்தில் இரண்டு நாள் பழைய சாணியைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் புது மண்ணும் கீழே விரல் அகல வளையும் இருந்தால் உங்களிடம் பைசன் இருக்கலாம், வண்டைப் பிடித்துப் படம் எடுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த கோடை முடிவதற்குள் முன்பதிவு செய்துவிடுங்கள். சீசன் தொடக்கத்திலேயே வரும் பெட்டியாகக் கேளுங்கள், ஆகஸ்டில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டையிட அவற்றுக்கு நாள் இருக்காது.